சாந்தோமில் காயாத அப்பளம்

என் பெரியம்மா எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் வெயிலைத்தான் முதலில் எடை போடுவாள். தண்ணீர் எப்படி, பஸ் வசதி எப்படி என்றெல்லாம் கேட்க மாட்டாள். கையை நெற்றிக்கு மேலே வைத்து, கண்ணைச் சுருக்கி வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தேவலாம்" என்றோ "பத்தாது" என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அவள் தொழில் அப்படி. ஆத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மரவள்ளிக்கிழங்கில் அப்பளம் போடுகிறாள். கிழங்கைத் தோல் சீவித் துருவி, மிளகாயும் பெருங்காயமும் உப்பும் சேர்த்து ஆட்டி, தட்டில் மெல்லிசாகத் தடவி ஆவியில் வேகவைத்து, உரித்தெடுத்து வெயிலில் போட வேண்டும். அதற்குமேல் சூரியன் பாடு.

இன்றைக்கு மயிலாப்பூரில் தன் அப்பளத்தைச் சாப்பிடாத வீடே கிடையாது என்று அவள் சொல்லிக்கொள்வாள். அதில் பாதியை நம்பலாம். நான் சொல்ல வந்தது அந்த அப்பளம் சென்னைக்குள் முதன்முதலாக வந்து இறங்கிய கதையை.

அப்போது நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். முழுப்பரீட்சை லீவு. எங்கள் வீடு சாந்தோமில், கடலுக்கு ஒரு தெரு உள்ளே தள்ளி, பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் கடைசி மாடியில் இருந்தது. தலைக்கு மேலே மொட்டை மாடி. அப்பாவுக்கு தி.நகரில் புடவைக் கடை. கடை என்றதும் நீங்கள் ஏழு மாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. அப்படிப்பட்ட இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, குறுகலான படி ஏறித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய கடை. சேலம் பக்கத்துத் தறிகளில் நெய்த புடவைகள்தான் அவருடைய சரக்கு.

பெரியம்மா வீட்டில் இரண்டு தொழில் நடந்தது. ஒன்று அவளுடைய அப்பளம். இன்னொன்று பெரியப்பாவின் தரகு. சுற்றுவட்டாரத்தில் எவர் காட்டில் கிழங்கு முற்றியிருக்கிறது என்று பார்த்து, அதைப் பேசி முடித்து, ஜவ்வரிசி ஆலைக்கு லாரி ஏற்றி விடுவது பெரியப்பாவின் வேலை. ஆலையில் கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று பார்த்து பாயிண்ட் போடுவார்கள். பாயிண்ட் இறங்கினால் விலையும் இறங்கும். "அதென்னமோ, நம்ம காட்டுக் கிழங்கு ஆலை வாசலத் தாண்டுனதும் எளச்சுப் போயிடுது" என்பாள் பெரியம்மா. பெரியப்பா காதில் விழாதவர்போலச் சோற்றைப் பிசைவார். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும் என்பதால், லாரியில் ஏற்றிய பிறகு ஆலைக்காரன் சொன்னதுதான் விலை. தரகரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. அவர் ஒருவரும் இல்லையென்றால் அந்த விலையும் இல்லை.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். பெரியவர்கள் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடிப்பது என் வழக்கம். காது சும்மாதானே இருக்கும்?

அம்மா ஒருமுறை ஊரிலிருந்து கொண்டுவந்த அப்பளத்தில் கொஞ்சத்தை மயிலாப்பூரில் ஒரு கடையில் காட்டினாள். மாட வீதியை ஒட்டிய சந்தில், அப்பளம், வடாம், பொடி வகைகள் விற்கிற கடை. கடைக்கார மாமா எதையும் லேசில் மெச்ச மாட்டார் என்று பெயர் வாங்கியவர். அவருக்கே பிடித்துவிட்டது. கல்யாணச் சமையல்காரர் ஒருவர் கிழங்கு அப்பளம் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு கூடை வந்து சேர வேண்டும் என்றார். "சரக்கு நன்னா இருந்தா மாசாமாசம் நானே எடுத்துக்கறேன். சொன்ன நாள்ல வரலேன்னா விட்டுடுங்கோ, எனக்கு வேற எடம் இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு வாக்கை நம்பி ஊரில் பெரியம்மாவோடு சேர்ந்த பெண்கள் தங்கள் காட்டுக் கிழங்கை ஆலைக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆர்டர் கிடைத்தால் மண்ணுக்குள் இருக்கிற கிழங்கெல்லாம் அப்பளமாகும். கிடைக்காவிட்டால் வழக்கம்போல லாரி ஏறும். அதற்கப்புறம் ஒரு பெண்ணும் அப்பளத் தட்டைத் தொட மாட்டாள், தொட வீட்டில் விடவும் மாட்டார்கள். "அப்பளம் வித்து மாடி கட்டப் போறாளுக" என்று கேலி பேசியவர்களுக்கு வெறும் வாயை மெல்லும்போது அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

பெரியம்மாவுக்கு இதில் ஒரு கவலையும் இல்லை. கவலைப்படுகிற ஆளே இல்லை அவள். ஆனால் அந்த வாரம் பார்த்து ஆத்தூர்ப் பக்கம் கோடை மழை பிடித்துக்கொண்டது. அப்பளம் பாதிக் காய்ச்சலில் நின்றுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெரியம்மா டிவியைப் பார்த்தாள். சென்னையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். போதாதா? பாதி காய்ந்த அப்பளத்தை வேட்டித் துணி வைத்து அடுக்கடுக்காகக் கூடையில் கட்டி, மீதியை சென்னை வெயிலில் காய வைத்துக்கொள்ளலாம் என்று புதன்கிழமை காலை பஸ் ஏறிவிட்டாள்.

மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நேரே மொட்டை மாடிக்குப் போனாள். நெற்றிக்கு மேலே கை வைத்து வானத்தைப் பார்த்தாள்.

"தேவலாமா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"தேவலாமாவா? கண்ணு, இந்த வெயில விட்டுட்டு உங்கம்மா வீட்டுக்குள்ள ஃபேன் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா பாரு!"

மாடி முழுவதும் பழைய வேட்டிகளை விரித்து அப்பளங்களைப் பரப்பினோம். காக்கா விரட்டும் பொறுப்பு எனக்கு. ஒரு மூங்கில் குச்சியும், அப்பாவின் கிழிந்த கறுப்புக் குடையும் கொடுத்தார்கள். நான் அன்று விரட்டிய விரட்டில் சாந்தோம் காக்காக்கள் பெசன்ட் நகருக்கே குடிபோயிருக்க வேண்டும்.

சாயங்காலம் அப்பளத்தின் மேல்பக்கம் நன்றாகவே காய்ந்திருந்தது. அம்மா கூடையை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்து, அப்பளங்களை எடுத்து அடுக்கக் குனிந்தாள். பெரியம்மா தடுத்தாள்.

"எதுக்குடி எடுக்குற? ராத்திரி கெடக்கட்டும். அப்பளத்துக்கு வெயில் பாதி, ராக்காத்து பாதி. இது தெரியாதா ஒனக்கு?"

ஊரில் அதுதான் முறை. அங்கே கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து இரவில் ஒரு காற்று வரும், உலர்ந்த காற்று. வெயிலில் முறுகிய அப்பளம் அந்தக் காற்றில் கிடந்தால் வெடிக்காமல் சீராகக் காய்ந்து நிற்கும். அந்தப் பக்கத்தில் அப்பளம் போடுகிற எல்லோரும் ராத்திரியை நம்பித்தான் தொழில் செய்தார்கள்.

அம்மா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். சாந்தோமில் குடித்தனம் நடத்துகிற எவளும் ராத்திரியில் மாடியில் துணி போட மாட்டாள். காலையில் எடுத்தால் போட்டதைவிட ஈரமாக, பிசுபிசுவென்று இருக்கும். அம்மாவுக்கு அது தெரியும். ஆனால் அக்காவுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசி அவளுக்குப் பழக்கமில்லை. சின்ன வயதிலிருந்து அக்கா சொன்னால் சொன்னதுதான். அக்கா பார்த்த மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கூடையோடு கீழே இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலை பெரியம்மாவோடு நானும் மாடிக்கு ஓடினேன். கடல் பக்கம் வானம் வெளுப்பாக மூடிக் கிடந்தது. பெரியம்மா குனிந்து ஒரு அப்பளத்தை விளிம்பில் பிடித்துத் தூக்கினாள். அது ஜலதோஷக்காரனின் கைக்குட்டை மாதிரி தொங்கியது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் அப்படியே. துணியோடு ஒட்டிக்கொண்டவை சில. அவள் தன் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு" என்றாள். அப்பளத்தின் உப்பை அவள் சொல்லவில்லை.

அதற்குமேல் ஒன்றும் பேசாமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. தூக்கத்தில்கூட யாரோடாவது சண்டை போடுகிறவள். எனக்கு அப்பளம் போனால் போகட்டும், இவள் ஏதாவது பேசினால் தேவலை என்றிருந்தது.

அம்மாவைக் கூப்பிடக் கீழே ஓடினேன். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய செல்போன் அடித்தது. எடுத்தேன். பெரியப்பா.

"யாரு, பாப்பாவா? சாப்ட்டியா?" என்றார். எப்போதும் இந்தக் கேள்வியோடு அவர் பேச்சு முடிந்துவிடும். அன்று முடியவில்லை. "அப்பளம் காஞ்சுதா?" என்று கேட்டார்.

"எங்க பெரியப்பா! எல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. பெரியம்மா மாடியில பேசாம உக்காந்திருக்காங்க."

"பேசாமயா?"

"ஆமா."

அந்தப் பக்கம் மாட்டுமணியும் யாரோ ஆட்களின் பேச்சுக் குரலும் கேட்டன. "சரி. நான் கேட்டேன்னு பெரியம்மாகிட்ட சொல்லிக்காத" என்று வைத்துவிட்டார்.

எனக்கு மனசு நெகிழ்ந்துபோயிற்று. அவ்வளவு தூரத்திலிருந்து, காலையில் எழுந்ததும் எழாததுமாகப் பெண்டாட்டியின் அப்பளத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். அதைக்கூட வெளியே காட்டிக்கொள்ளக் கூச்சப்படுகிறார். இப்படிப்பட்ட அன்பை ஒளித்துவைக்கக் கூடாது என்று தீர்மானித்து மாடிக்கு ஓடினேன். பெரியம்மாவின் காதில் போட்டேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "நீ என்ன சொன்ன?"

"காயலன்னு."

"அவருக்குப் பின்னாடி ஆளுங்க சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நெறைய பேர்."

பெரியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் வீசிய அன்பு சரியான இடத்தில் பட்டு வேலை செய்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கீழே சமையலறையில் அக்கா தங்கை மாநாடு நடந்தது. பெரியம்மா தன் போனில் ஊரிலிருந்த ஒரு பெண்ணைப் பிடித்து, "யாரு வந்து கேட்டாலும் நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஒரு செடியப் புடுங்கக் கூடாது. எங்க வீட்டுக்காரரே வந்து நின்னாலும் சரி. அப்பளம் காஞ்சிருச்சுன்னு சொல்லு" என்றாள். பிறகு அடுப்பில் காட்டிக் காயவைக்கலாமா, வெறும் தோசைக்கல்லில் போட்டு எடுக்கலாமா என்று ஏதேதோ சொல்லி, தானே அதையெல்லாம் வேண்டாம் என்றும் சொன்னாள். நெருப்பில் காட்டினால் ஓரம் முறுகி நடு பச்சையாக நிற்குமாம்.

அம்மா காப்பி ஆற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அக்கா, இவருக்குக் கடையில தெனமும் ஒதடு வெடிக்குது. வெண்ணெய் தடவிக்கிட்டுத்தான் தூங்குறாரு."

"அதுக்கு நான் இப்ப என்னடி பண்ணட்டும்?"

"பட்டு வெக்கிற ரூம்ல நாள் முழுக்க ஏசி ஓடுது. ஈரத் துண்டப் போட்டா சாயங்காலத்துக்குள்ள சருகாட்டம் ஆயிருது."

பெரியம்மா காப்பி டம்ளரை வாங்காமல் அம்மாவையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் தங்கை ஒரு யோசனை சொல்லி அன்றுதான் கேட்கிறாள்போல. பிறகு இருவரும் ஒரே சமயத்தில் குளியலறைப் பக்கம் திரும்பினார்கள். அங்கே அப்பா கண்ணாடிக்கு முன்னால், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு, நடந்தது ஒன்றும் தெரியாமல் சவரம் செய்துகொண்டிருந்தார்.

அப்பா முடியாது என்றுதான் சொன்னார். பட்டுப் புடவைக்கு வாசனை ஏறினால் போகாது, முகூர்த்த நாள் நெருங்குகிறது, ஒரு புடவை கெட்டாலும் பெயர் கெட்டுவிடும் என்று வரிசையாகக் காரணம் சொன்னார். எல்லாமே நியாயமான காரணங்கள். பெரியம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். "நீங்க சொல்றது ரொம்பச் சரி தம்பி. ஆட்டோவுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

கடை திறப்பதற்கு முன்பே நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம். புடவை அட்டைப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் மல் துணியை விரித்து, ஒவ்வொரு அப்பளமாகப் பரப்பினோம். பட்டுப் புடவைகளை அப்பா பாலித்தீன் தாளால் மூடி, மூடியதை மறுபடி மூடினார். ஏசியோடு இரண்டு ஸ்டாண்டு ஃபேனும் சேர்ந்துகொண்டன. அந்த அறையில் அன்று அப்பளங்களுக்கு நடந்த உபசாரம் எங்கள் வீட்டு மாப்பிள்ளைகளுக்குக்கூட நடந்ததில்லை.

கடையில் வேலை பார்த்த அக்கா வந்து கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள்.

"இன்னா சார் இது, அப்பளத்துக்கு ஏசி போட்டு படுக்க வச்சிக்கினு கீறீங்க? நாங்க கேட்டா மட்டும் கரன்ட் பில்லுன்னுவீங்க!"

அப்பா உதட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டார்.

பதினோரு மணிக்கு மேல் சோதனை வந்தது. கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் நாலைந்து பட்டுப் புடவைகளைப் பிரித்துப் போட்டார் அப்பா. அந்த அம்மாள் ஒரு அரக்குப் புடவையைக் கையில் எடுத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். இன்னொருமுறை உறிஞ்சினாள்.

"என்ன சார், பெருங்காய வாசனை வருதே?"

"பக்கத்துல ஒரு மெஸ்ஸு..." என்று அப்பா இழுத்தார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. முகம் முழுவதும் வியர்த்துவிட்டது, அந்த ஏசியிலும்.

பெரியம்மா உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். "மெஸ்ஸெல்லாம் இல்லம்மா. என் அப்பளம். மரவள்ளிக்கிழங்குல போட்டது. உள்ளதான் காயுது, வாங்க பாக்கலாம்" என்றாள், ஏதோ தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அழைப்பது போல.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் புடவையைக் கையில் வைத்தபடியே எழுந்து உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் அவள் மகள், மகளுக்குப் பின்னால் ஒரு நாத்தனார். உள்ளேயிருந்து பேச்சும் சிரிப்பும் வந்துகொண்டே இருந்தன. எந்தக் கிழங்கு, எத்தனை நாள் வைக்கலாம், எண்ணெய் குடிக்குமா, ரசத்துக்கு நன்றாக இருக்குமா என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர்கள் வெளியே வந்தபோது, அரக்குப் புடவையோடு இன்னும் இரண்டு புடவைகளையும் எடுத்துக்கொண்டார்கள். புடவையின் அழகுக்காக எடுத்தார்கள் என்று அப்பா சொல்வார். அப்பளத்தைப் பார்த்து மனசு குளிர்ந்து எடுத்தார்கள் என்று பெரியம்மா சொல்வாள். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

சாயங்காலம் பெரியம்மா உள்ளே போனாள். நாங்கள் எல்லோரும் கதவருகே நின்றோம். அவள் ஒரு அப்பளத்தை எடுத்து விரலால் சுண்டினாள். பிறகு காதருகே வைத்து ஒடித்தாள். 'டக்' என்றது. கண்ணாடி வளையல் உடைகிற மாதிரி சுத்தமான சத்தம். கடை அக்கா விசில் அடித்தாள். அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் குதித்த குதியில் கீழ்க்கடைக்காரர் ஆள் அனுப்பி விசாரித்தார். அப்பா மட்டும் ஒவ்வொரு பட்டுப் புடவையாக எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மயிலாப்பூர்க் கடையில் மாமா கூடையைப் பிரித்தார். ஒரு அப்பளத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கல்லாப் பெட்டியின் மேல் வைத்துத் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்தார். அடுத்ததை எடுத்தார். அடியிலிருந்து ஒன்றை உருவினார்.

"என்னம்மா இது, ஒண்ணு கூட வளைஞ்சுண்டு இல்லையே? வெயில்ல காஞ்சா ஓரம் தூக்கிண்டுன்னா நிக்கும்?"

உண்மைதான். ஏசிக் காற்றில் நிதானமாகக் காய்ந்ததால் எல்லாம் தட்டிவைத்தாற்போல ஒரே மட்டமாக இருந்தன. இப்படி வரும் என்று பெரியம்மாவுக்கே தெரியாது. கேட்டவருக்குத் தெரியாதல்லவா?

"நாங்க அப்படித்தான் போடுவோம்" என்றாள் பெரியம்மா, கண் இமைக்காமல்.

கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு. உள்ளே கொண்டுபோய்ப் பொரித்து வரச் சொன்னார். தாம்பாளத்தில் வந்த அப்பளம் விரிந்து, மேலெல்லாம் குமிழ் விட்டு, மிளகாய்ச் சிவப்பு அங்கங்கே தெரிய நின்றது. மாமா ஒரு துண்டு ஒடித்து வாயில் போட்டார். மென்றார். அம்மா, பெரியம்மா, நான் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தோம்.

"எங்காத்துல கேக்கறா, இதுல நமக்குக் கொஞ்சம் எடுத்து வெக்கணுமாம்" என்றார். "அடுத்த மாசம் நாலு கூடை போட முடியுமோ?"

"எட்டு போடறோம்" என்றாள் பெரியம்மா. நேற்றுக் காலை மொட்டை மாடியில் வாய் மூடி உட்கார்ந்திருந்தவள் இவள்தான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பெரியம்மா குளிக்கப் போயிருந்தபோது பெரியப்பாவின் போன் மறுபடியும் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"காஞ்சுதா?"

"காஞ்சுருச்சு பெரியப்பா! கடைக்கார மாமா எல்லாத்தையும் எடுத்துக்கிட்டாரு. அடுத்த மாசம் எட்டுக் கூடை!"

"அப்படியா" என்றார். போன் கட் ஆகிவிட்டது. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. சந்தோஷத்தில் கை தவறிவிட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு நாளும் ஆலை லாரி ஒன்று அந்தப் பெண்களின் காட்டு வரப்பை ஒட்டி நின்றது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது. பெரியம்மாவோடு அப்பளம் போட்ட ஒரு சித்தி சொன்னாள். கிழங்கு தருகிறேன் என்று பெரியப்பா ஆலையில் வாக்குக் கொடுத்துவிட்டார். நான் "காயல" என்று சொன்னதும் கிழங்கு பிடுங்க ஆட்களோடு வந்துவிட்டார். காஞ்சிருச்சு, பிடுங்கக் கூடாது என்று பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் போன் பேசிவிட்டு, டிரைவரிடம் ஏதோ சொன்னார். லாரி காலியாகத் திரும்பியது. அவர் மட்டும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தாராம்.

அதே லீவின் கடைசியில் நாங்கள் ஊருக்குப் போனோம். பெரியம்மா வீட்டின் பக்கவாட்டில் ஒரு நீளமான அறை எழும்பிக்கொண்டிருந்தது. மேலே தகரக் கூரை, சுவர் நெடுகக் காற்றுப் போக்கிகள், வரிசையாக மின்விசிறி மாட்ட இரும்புக் குழாய்கள். வெயிலில் பாதி, இந்த அறையில் பாதி என்று அப்பளம் காயுமாம். இனிமேல் மழையையும் கேட்க வேண்டாம், ராக்காற்றையும் கேட்க வேண்டாம். "மனுசனுக்கே ஃபேன் இல்ல, அப்பளத்துக்கு ஆறு ஃபேனா?" என்று தெருவில் போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். பெரியம்மா அவர்களையும் நிறுத்தி அறையைச் சுற்றிக் காட்டினாள்.

அன்று மத்தியானம் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். பெரியம்மா பரிமாறினாள். பெரியப்பாவின் தட்டிலும் ஒரு அப்பளம் வைத்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதுவரை அவர் அந்த அப்பளத்தைத் தொட்டதில்லை என்று எனக்குத் தெரியாது. ஒரு துண்டு ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டதையும் நான் கவனிக்கவில்லை. எனக்கு என் தட்டு பெரிது.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார் பெரியப்பா.

பெரியம்மா கரண்டியோடு நின்றாள்.

"மாவு போடும்போது உப்பு சரியாத்தான் இருந்திருக்கும். கெழங்கு சரியில்ல. தண்ணிக் கெழங்கு" என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே. "மேட்டுக்காட்டுக் கெழங்காப் பாத்து நான் புடிச்சுக் கொண்டாந்து போடறேன். எட்டுக் கூடைக்கு இவளுக காடு பத்தாது."

பெரியம்மா குனிந்து அவர் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த அப்பளத்தை இன்னொரு கடி கடித்துப் பார்த்துவிட்டு, "உப்பெல்லாம் சரியாத்தான இருக்கு பெரியப்பா?" என்று சத்தமாகக் கேட்டேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். ஏன் கிள்ளுகிறாள் என்று விளங்காமல் நான் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். உப்பு நிஜமாகவே சரியாகத்தான் இருந்தது.